டாக்டர், உங்களுக்கு ஒரு டாக்டர் வேண்டும்

இந்த வாரக் கடிதம் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52. எம்.டி. பொது மருத்துவம் படித்தவர். டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரத்தில் 12 படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறார். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் சென்னையில் ஹவுஸ் சர்ஜன்; பி.ஜி. நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதமாக இவருக்கு முதுகு வலி. உட்கார்ந்தே ஓ.பி. பார்ப்பதால் வந்த வலி என்று தானே முடிவு கட்டி டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டார். லேப் டெக்னீஷியனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று டிரைவர் பெயரில் ரத்தத்தை அனுப்பினாராம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினைன் 1.9, கால்சியம் 11.4 என்று இரண்டும் கூடுதலாக வந்த பிறகுதான் பொறி தட்டியிருக்கிறது. "இதே ரிப்போர்ட்டோடு ஒருவர் என் ஓ.பி.க்கு வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன்" என்கிறார்.

சென்னையில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்து மல்டிபிள் மைலோமா என்று உறுதியாகிவிட்டது. மஜ்ஜையில் நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் புற்றாக மாறும் நோய் இது. இவரோடு படித்த ரத்தநோய் நிபுணர் ஒருவர் மூன்று மருந்துச் சிகிச்சையை (போர்டெசோமிப் ஊசி, லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) தொடங்கியிருக்கிறார்; மூன்று வாரம் ஆகிறது. மனைவியிடம் "டிஸ்க் தேய்மானம்" என்று சொல்லி வைத்திருக்கிறார். மகளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. டெக்ஸாமெத்தசோன் போட்டால் தூக்கம் வரவில்லை, சர்க்கரை 280-க்குப் போகிறது என்று 40 மில்லிகிராமை 20 ஆகத் தானே குறைத்துவிட்டார். இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம். வாராந்திர ஊசியை இனிமேல் தன் நர்சிங் ஹோமிலேயே, தன் நர்ஸ் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று யோசிக்கிறார்.

படித்த காலத்து நண்பர்கள் ஒன்பது பேரிடம் யோசனை கேட்டிருக்கிறார்; ஒன்பதும் ஒன்பது திசை. ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை (தன் மூல செல்களைச் சேகரித்து, கடும் கீமோவுக்குப் பின் திருப்பிச் செலுத்துவது) வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருக்கிறார். "ஐ.சி.யூ.வை உள்ளே இருந்து பார்த்தவன் நான்." ஓ.பி.யைத் தொடரலாமா, நோயாளிகளிடம் சொல்ல வேண்டுமா, மகளுக்குத் தேர்வு முடியும்வரை மறைக்கலாமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "எனக்கு ஐந்து ஆண்டு இருக்கிறது என்று படித்தேன். சரிதானே?"

அன்புள்ள டாக்டர்,

அந்த ஆறு மாதத்தை முதலில் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் நோயைவிட அதற்குத்தான் அதிக இடம். மைலோமா பெரும்பாலும் அப்படித்தான் வரும். முதுகு வலி, சோகை என்று எலும்பு டாக்டர், பிசியோதெரபி, இரும்பு டானிக் எல்லாம் சுற்றிவிட்டு மாதக்கணக்கில் தாமதமாக எங்களிடம் வந்து சேர்வார்கள். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் இதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களை நடுவில் நாலு பேராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள். உங்களை யாருமே பார்க்கவில்லை, நீங்கள் உட்பட. நீங்கள் பார்த்தது ரிப்போர்ட்டை மட்டும்தான்.

"கிட்னியை நானே கெடுத்துக்கொண்டேன்" என்கிறீர்கள். டைக்ளோஃபெனாக் நல்லது செய்யவில்லை, உண்மைதான். ஆனால் இந்த நோயில் சிறுநீரகத்தைத் தாக்கும் முதல் குற்றவாளி, புற்று செல்கள் கொட்டும் லைட் செயின் புரதம். அது சிறுநீரகக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஏறிய கால்சியமும் சேர்ந்து கெடுக்கும். சிகிச்சை வேகமாகத் தொடங்கி அந்தப் புரதம் இறங்கினால், பலருக்குக் கிரியாட்டினைனும் இறங்குகிறது. போர்டெசோமிப் ஊசிக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்கத் தேவையில்லை. லெனலிடோமைடுக்குத் தேவை உண்டு. வலி மாத்திரை இனி வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், எங்கே சி.டி. எடுத்தாலும் காண்ட்ராஸ்ட் என்ற சாய மருந்தைப் போடும் முன் உங்களுக்கு மைலோமா என்று சொல்ல வேண்டும். டெக்ஸா விஷயத்துக்கும் இங்கேதான் வருகிறேன். முதல் சில வாரங்களில் புரதத்தை மளமளவென்று இறக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. நீங்கள் பாதியாக்கியது சிறுநீரகம் மீள வேண்டிய அதே வாரங்களில். சர்க்கரைக்கு இன்சுலின் இருக்கிறது. தூக்கத்துக்கு, அதைக் காலையிலேயே போடச் சொல்வார்கள். அளவையே குறைக்க வேண்டியும் வரலாம், ஆனால் அதை முடிவு செய்யும் ஆள் நீங்கள் இல்லை. நீங்கள் குறைத்தது உங்கள் டாக்டருக்குத் தெரியாததால், பலன் குறைவாக வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் நினைப்பார். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஒன்பது பேரிடம் கேட்டது

ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். 1967 முதல் பத்தாண்டுகள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் ஆசிரியராக இருந்தவர். இரைப்பை குடல் மருத்துவர்; அதிலும் உணவுக்குழாய் அவர் வாழ்நாள் பாடம். அவருக்கு வந்ததோ, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் புற்றுநோய். அந்த இடத்தைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் அன்றைக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணுமளவுதான். அறுவைச் சிகிச்சை முடிந்தது. அதற்கு மேல் கதிர்வீச்சா, கீமோவா, எதுவும் வேண்டாமா என்ற கேள்வி வந்தபோது நாடெங்கும் இருந்த மருத்துவ நண்பர்கள் அக்கறையோடு யோசனை அனுப்பினார்கள். ஒன்றுக்கொன்று முரண். அவரும் மனைவியும், டாக்டர்களான மகனும் மருமகளும் குழம்பி, நொந்துபோனார்கள். கடைசியில் ஒரு நண்பர் சொன்னார்: உங்களுக்கு வேண்டியது ஒரு டாக்டர். தகவலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, 'இதைச் செய்வோம்' என்று சொல்லும் ஒரே ஆளிடம் போங்கள் என்பதுதான் அதன் பொருள். அப்படியே செய்தார்கள், வீடே நிம்மதி அடைந்தது என்று அவரே எழுதினார். 1980-இல் இறந்தார்.

அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். டாக்டர் சொல்வதை நோயாளி அப்படியே கேட்டால் போதும் என்ற பக்கம் அவர் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்தார். ஆனால் உங்கள் நிலைமைக்கு அந்த நண்பர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் எழுதிய முதல் ஒழுக்க விதிகளிலேயே, நோயுற்ற மருத்துவர் தன் நோயைத் தானே எடைபோடத் தகுதியற்றவராகவே பெரும்பாலும் இருப்பார் என்று எழுதி வைத்துவிட்டார்கள். டாக்டருக்கு டாக்டர் காசு வாங்கக் கூடாது என்ற வழக்கமும் அதே இடத்தில் இருக்கிறது. பின்னது மட்டும் நம்மிடம் நன்றாக வேரூன்றிவிட்டது!

அந்த இலவசம்தான் உங்கள் விஷயத்தில் வினை என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சிகிச்சை தரும் நண்பர் நோயைச் சொன்னது கேன்டீன் வாசலில், கையில் டீயோடு. மஜ்ஜை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. மரபணுப் பரிசோதனை முடிவை "பெரிசா ஒண்ணும் இல்லடா" என்று இரண்டு நிமிட போனில் முடித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, கஷ்டப்படுகிறார். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவனிடம் கண்ணைப் பார்த்துப் பேச யாருக்குத்தான் முடியும்? உங்களுக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்; கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நீங்கள் கேட்பதில்லை. இப்படி ஒரு சாதாரண நோயாளிக்குக் கிடைக்கும் அரை மணி நேர விளக்கம்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அவரே தொடரலாமா என்றால், ஒரே ஒரு சோதனை: நீங்கள் செய்வது தப்பு என்று உங்கள் முகத்துக்கு நேரே அவரால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அவரே போதும். ஆனால் டோக்கன் போட்டு, கட்டணம் கட்டி, மனைவியோடு உட்காருங்கள். "நான் டாக்டர் என்பதை மறந்துவிட்டு முதலிலிருந்து சொல்" என்று கேளுங்கள். முடியாது என்றால், இந்தச் சிகிச்சையைத் தினமும் செய்யும் பெரிய மையம் ஒன்றில் பழக்கமில்லாத ஒருவரிடம் போங்கள். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. மஜ்ஜை ஸ்லைடுகளோடு நேரில், ஒரு முறை கேளுங்கள். ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. நண்பரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மற்ற எட்டுப் பேருக்கும் நன்றி சொல்லி, "முடிவு எடுத்தாயிற்று" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அந்தக் குழுவை மியூட் செய்யுங்கள்.

சொந்த நர்சிங் ஹோமில் ஊசி வேண்டாம்

தோலுக்கடியில் போடும் ஊசிதானே, சின்ன விஷயம் என்று தோன்றும். ஊசி போடுவது சின்ன விஷயம்தான். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாளில் "இன்றைக்கு வேண்டாம்" என்று மறுப்பதுதான் பெரிய விஷயம். உங்களிடம் சம்பளம் வாங்கும் சிஸ்டரால் அதைச் சொல்ல முடியாது. விரல் நுனியில் மதமதப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் உங்களை உட்கார வைத்துக் கேட்கவும் அவரால் முடியாது. போர்டெசோமிப்பின் நரம்புப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே சொன்னால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு போனால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். சென்னைக்கு வாராவாரம் போவது சிரமம் என்றால், பக்கத்து மாவட்டத் தலைநகரில் புற்றுநோய் டே-கேர் இருக்கும். சென்னை டாக்டரின் கடிதத்தோடு அங்கே போடுங்கள்.

டிரைவர் பெயரில் ரத்தம் அனுப்பிய விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். இதை நிறைய டாக்டர்கள் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை டாராடுமுமாப் என்ற இன்னொரு மைலோமா மருந்தைச் சேர்க்க வேண்டி வந்தால், அது ரத்த வங்கியின் கிராஸ்மேட்ச் (ரத்தப் பொருத்தம் பார்க்கும்) சோதனையையே குழப்பும். அதனால் மருந்து தொடங்கும் முன் உங்கள் ரத்த வகையை விரிவாகப் பார்த்து, உங்கள் பெயரில் பதிந்து வைக்க வேண்டும். பெயர் மாறிய ஒரு குழாய் அங்கே உயிருக்கு ஆபத்து. காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஆறு ஆண்டுகளாகத் தவறாமல் கட்டிவரும் பாலிசி என்கிறீர்கள். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, முன்பே எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. மோசடி என்று யாரும் கைநீட்ட ஒரு காகிதத்தை நீங்களே ஏன் உருவாக்க வேண்டும்? ஆதாரம் சுத்தமாக இருக்கட்டும். கிளெய்ம் செய்யுங்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று சேமிப்பைக் கரைக்காதீர்கள். அப்புறம், பாவம் அந்த டிரைவர். அவர் பெயரில் ஒரு கிரியாட்டினைன் 1.9 கிடக்கிறது.

ஓ.பி.யைத் தொடரலாமா?

தொடரலாம், குறைத்துக்கொண்டு. தன் நோயை நோயாளிகளிடம் டாக்டர் அறிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் நோய் உங்கள் அந்தரங்கம். ஆனால் கையோ கணிப்போ தடுமாறும் நாளில் வேலையிலிருந்து விலகுவது கடமை. நரம்பு மதமதப்பு வந்தால் முதுகுத் தண்டில் ஊசி போடுவது, கழுத்து நரம்பில் லைன் போடுவதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். இரவு அவசர அழைப்புகள் வேண்டாம். சளியைத் துப்பிக்கொண்டு வரும் காசநோயாளி, அம்மை போட்ட குழந்தை, இவர்கள் உங்கள் அறைக்குள் வராதபடி வாசலிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். போர்டெசோமிப் எடுப்பவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு அதிகம், ஏசைக்ளோவிரை விடாதீர்கள். டெக்ஸா போடும் நாளில் உலகையே புரட்டிவிடலாம் என்று தோன்றும், இரண்டு நாள் கழித்து எல்லாமே இருட்டாகத் தெரியும். நர்சிங் ஹோமை விற்பது, கடனை மாற்றுவது போன்ற முடிவுகளை இந்த இரண்டு நாட்களிலும் எடுக்க வேண்டாம். ஊழியர்களில் மூத்த ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டும். பகுதி நேரத்துக்கு ஒரு டாக்டரை இப்போதே பார்த்து வையுங்கள்.

அல்பிரசோலத்தை உங்களுக்கு நீங்களே எழுதுவதை நிறுத்தி, உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் இருட்டான எண்ணங்கள் வந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்து அலமாரிச் சாவி கையில் இருக்கும் தொழில் நம்முடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். யாரிடமும் பேச முடியாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் உண்டு. அங்கே பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சி.டி. அறையில் "மூச்சைப் பிடிங்க பெரியவரே" என்று அந்தப் பையன் சொன்னதற்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சிரித்தேன், மன்னிக்கவும். பிறகு யோசித்தால் கோபம் நியாயமானதுதான். இங்கிலாந்தில் முதியோர் மருத்துவரான கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாக வார்டில் படுத்திருந்தபோது, வந்துபோகிறவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். 2013-இல் அவர் தொடங்கிய இயக்கத்தால், ஊழியர்கள் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அந்த நாட்டு மருத்துவமனைகளில் பரவலான பழக்கமானது. 2016-இல் இறக்கும்வரை அதற்காகப் பேசினார். நீங்களும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம், தப்பே இல்லை. டாக்டர் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

மனைவியும் மகளும்

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மனத்தாங்கல் வரும் என்பது ஒரு காரணம்தான். இன்னொன்று: இந்தச் சிகிச்சையில் நள்ளிரவில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: ஒரு பாராசிட்டமால், ஒரு அசித்ரோமைசின், காலையில் பார்க்கலாம். "கிளம்புங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். டிஸ்க் தேய்மானத்துக்கு யாரும் அப்படிக் கிளம்ப மாட்டார்கள்.

மகள் விஷயத்தில் உங்கள் கணக்கு தப்பு. அவள் ஹவுஸ் சர்ஜன். தீபாவளிக்கு வந்து அலமாரியில் லெனலிடோமைட் டப்பாவைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துகொள்வாள், அதுவும் தனியாக நின்று. தேர்வுக்கு அது நல்லதா? நேரில் வரவழைத்து, அப்பாவாகச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பி "உன் அபிப்பிராயம் என்ன" என்று கேட்காதீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். "அப்பாவின் டாக்டரைக் கேளுங்கள்" என்று அவள் சொல்லும்படி செய்து கொடுங்கள்.

அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு

நீங்கள் படித்தது, பழைய மருந்துகளால் சிகிச்சை பெற்றவர்களின் கணக்காக இருக்க வேண்டும். அதிலும் பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 65 வயது வரையுள்ள 722 பேருக்கு, உங்களுக்கு இப்போது தரும் அதே மூன்று மருந்துகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடனே ஸ்டெம் செல் மாற்று. மீதிப் பேருக்கு அது இல்லாமல். இருதரப்பிலும் லெனலிடோமைட் தொடர்ந்தது. நோய் மீண்டும் தலைதூக்காத காலத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், மாற்றுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 67.5 மாதம், எடுக்காதவர்களுக்கு 46.2 மாதம். ஐந்தாண்டு முடிவிலோ இருதரப்பிலும் 100-க்குச் சுமார் 80 பேர் உயிரோடு இருந்தார்கள். உங்கள் சிறுநீரகம், மரபணு முடிவு, முதல் சில சுற்றுகளில் கிடைக்கும் பலன் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் கணக்கு வரும். அதை எந்தக் கட்டுரையும் இப்போது சொல்ல முடியாது. பெரும்பாலோருக்கு நோய் ஒரு கட்டத்தில் திரும்பும் என்பதையும் மறைக்க மாட்டேன். திரும்பும்போது கொடுக்க இன்று கையில் இருப்பவை, பத்தாண்டுக்கு முன் இருந்ததைப்போலப் பல மடங்கு.

ஆகவே மாற்றுச் சிகிச்சை வேண்டாம் என்பது யோசிக்கக்கூடிய முடிவுதான். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. நம் சொந்த செல்லையே திருப்பிக் கொடுக்கும் இந்தச் சிகிச்சை, நீங்கள் ஐ.சி.யூ.வில் பார்த்த எதுவும் இல்லை. மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து போட்ட பின் இரண்டு மூன்று வாரம் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முடி கொட்டல், அப்புறம் இரண்டு மூன்று மாதம் ஓய்வு. மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி போட்டுச் சப்பச் சொல்வார்கள், புண் குறையும். அனுபவமுள்ள மையங்களில் இதனாலேயே இறப்பவர்கள் 100-க்கு ஒருவர் இருவர். செல்களைச் சேகரித்து உறைய வைத்துவிட்டு, மாற்றுவதைப் பிறகு முடிவு செய்யும் வழியும் உண்டு. அதற்கும் தள்ளிப்போடாமல் இப்போதே பேச வேண்டும், ஏனென்றால் லெனலிடோமைடை நீண்ட காலம் எடுத்த பிறகு செல் சேகரிப்பது கடினமாகும். வெண்டிலேட்டரில் கிடக்க விருப்பமில்லை என்பது வேறு விஷயம். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து 2023-இல் எளிதாக்கிய முன்விருப்ப ஆவணத்தை இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதி வைக்கலாம். அதை எழுதியவர்களும் மாற்றுச் சிகிச்சை செய்துகொள்ளலாம்.

அடுத்த முறை போகும் முன் ஒரு பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் தொடங்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கி ஆற விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. இதை உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். நீங்கள் "தெரியும்டா" என்றிருப்பீர்கள்.